முகம் சொல்லும் ஜன்னல்

என் ஆயுசில் நான் மனதாரப் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். அவளிடம் நகை இல்லை, நிலபுலன் இல்லை, பார்த்தால் திரும்பிப் பார்க்க வைக்கிற அழகும் இல்லை. அவள் விதவை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அவ்வளவுதான். ஒரு விதவையைப் பார்த்தா பொறாமைப்பட்டாய் என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். அந்த வருஷம் அந்த ஹாஸ்டலில் நான் இருந்த இருப்பில் யார் இருந்திருந்தாலும் வயிறு எரிந்திருக்கும்.

யுத்த காலம் அது. தென்காசியில் பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். ஹாஸ்டல் இருந்த கட்டடத்தைச் சர்க்கார் எதற்கோ எடுத்துக்கொண்டதால், குற்றாலத்தில் ஒரு ஜமீனுக்குச் சொந்தமான சீசன் பங்களாவை வாடகைக்குப் பிடித்து எங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். காலையில் மாட்டு வண்டிகளில் தென்காசிக்குப் போவோம், சாயங்காலம் திரும்புவோம். பஸ்ஸை நம்ப முடியாது. கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ், மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடும்.

பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. வயசுப் பெண்களைக் கொண்டுபோய்க் குற்றாலத்தில் வைப்பதா, சீசனுக்கு எந்தெந்த ஊர் ஆட்களெல்லாமோ வந்து குமிகிற இடத்திலா என்று ஒவ்வொருவரும் வந்து சண்டை போட்டார்கள். அதனால் அங்கே கட்டுக்காவல் சிறைச்சாலையைத் தோற்கடித்தது. ஆம்பிளை வாடையே கூடாது என்று காவல்காரர்கூட வைக்கவில்லை. கேட்டுச் சாவி வார்டனம்மாவின் இடுப்பில் கிடந்தது. அருவிக்குத் தனியாகப் போகக் கூடாது. தண்ணீர் செம்மண் நிறமாகத் திரும்பினால் வெள்ளம் வருகிறது என்று அர்த்தம், தலையில் எண்ணெய் இருந்தாலும் சரி, அப்படியே வெளியே வந்துவிட வேண்டும். குரங்குக்குக் கொண்டி திறக்கத் தெரியும் என்பதால் ஜன்னலைத் துணி போட்டுக் கட்டிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். ஒருத்தி கட்ட மறந்து, அவள் பாவாடையைப் பக்கத்து மரத்தின் உச்சியில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொருத்திக்கும் ஒரு துணை உண்டு. குளிக்க, துவைக்க, கோயிலுக்குப் போக, எதற்கும் துணை கூட இருக்க வேண்டும். இவளுக்கு ஒன்று ஆனால் அவள் பதில் சொல்ல வேண்டும். வடகரையிலிருந்து வந்த அந்த விதவைப் பெண்ணுக்கு மட்டும் துணையாக யாரும் முன்வரவில்லை. காலையில் எழுந்ததும் அவள் முகத்தில் விழிக்க மற்றவர்களுக்குப் பயம். எனக்கு வாய் ஜாஸ்தி என்று முதல் வாரமே பெயர் வாங்கியிருந்தேன். தண்டனை மாதிரி என்னைப் பிடித்து அவளுக்குத் துணையாகப் போட்டார்கள்.

அப்போதே ஆரம்பித்துவிட்டது என் எரிச்சல். அவளோடு தங்க யாரும் ஒப்பாததால் மாடியில் மூலை அறை அவளுக்குக் கிடைத்தது. அந்த அறையில் சாரல் காற்று நேராக வரும். துணை என்பதால் நானும் அங்கேதான் இருந்தேன், ஆனாலும் அது அவள் அறை, நான் ஒட்டிக்கொண்டவள். அவள் வகுப்பு எடுத்தால் மூன்றாம் வகுப்பு வாண்டுகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்கும். நான் எடுத்தால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்காரும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தாங்க முடியாதது என்னவென்றால், அவளுக்குப் பயம் இல்லை. வீட்டு ஆட்கள் வருகிற சனிக்கிழமையில் கேட்டு மணி அடித்தால் நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நிற்பேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்க மாட்டாள்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. சுரண்டையில் எங்கள் வீட்டில் எனக்கு மூத்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் படிப்பின் நடுவில்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தியை ஏழாம் வகுப்பில், இன்னொருத்தியை எட்டில். மாப்பிள்ளை வந்துவிட்டான், புத்தகத்தை மூடு. அப்பா நல்லவர், கையை ஓங்கியதில்லை, அதட்டியதில்லை. சிரித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போவார். நான்தான் அழுது அடம் பிடித்து, வீட்டில் சோறு தின்னாமல் கிடந்து, பயிற்சிப் பள்ளி வரை வந்து சேர்ந்தவள். கடைசிப் பரீட்சையை முடித்துச் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிவிட்டால் அப்புறம் என்னை யார் என்ன செய்ய முடியும் என்பது என் கணக்கு. வாங்குவதற்கு முன்னால் வந்துவிட்டால் எல்லாம் போச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் பரீட்சை என்கிற பேச்சே எங்கள் பக்கத்தில் கிடையாது.

அவளுக்கு அந்தக் கவலையே இல்லையே. எந்த மாப்பிள்ளை வரப் போகிறான்? படிக்க வைத்த அண்ணன் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டான். தாய் தகப்பன் இல்லை. அவளைக் கூப்பிட ஆள் கிடையாது. நிம்மதியாகப் படிக்கலாம், நிம்மதியாகப் பரீட்சை எழுதலாம், சாகிற வரை டீச்சராக இருக்கலாம். ஒரு நாள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது ஆற்றாமையில் கேட்டேவிட்டேன்.

"உனக்கென்னட்டி, உன்னை யாரு வந்து இழுத்துட்டுப் போகப் போறா? மகராசியா இருக்க."

அவள் கோபப்படவில்லை. என்னையும், என் சடையையும், அதில் சொருகியிருந்த பிச்சிப் பூவையும் பார்த்தாள்.

"மாத்திக்கிடுதியா?" என்றாள்.

"மாத்திக்கிடுதேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

சித்திரையில் அப்பா வந்தார். மாதா மாதம் வருவார், எனக்கு முறுக்கு கொண்டு வந்தால் அவளுக்கும் ஒரு பொட்டலம் தனியாகக் கொண்டு வருவார். விதவை கையில் நேராகக் கொடுக்க மற்ற வீட்டு ஆட்கள் யோசிப்பார்கள், அப்பா யோசிக்க மாட்டார். அந்தத் தடவை போகும்போது சொன்னார்: மாப்பிள்ளை பார்த்தாயிற்று. பட்டாளத்தில் இருக்கிறான், வடக்கே எங்கேயோ. லீவு கிடைத்து வந்ததும் முகூர்த்தம். வந்தாலும் பத்துப் பதினைந்து நாள்தான் இருப்பான், ஆடி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

"அப்போ என் பரீட்சை?" என்று கேட்டேன்.

"இந்தச் சண்டையில யாரு லீவு கொடுக்கப் போறா? நீ பயப்படாம படிட்டி" என்றார் அப்பா.

பங்குனியில் நடக்க வேண்டிய பரீட்சை அந்த வருஷம் தள்ளித் தள்ளி ஆனிக்கு வந்திருந்தது. என் தலையெழுத்து. திருநெல்வேலியிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா வந்து பின்னால் உட்கார்ந்திருக்க, பிள்ளைகளுக்கு மாதிரிப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். அன்றைக்கு அங்கே இல்லாவிட்டால் இரண்டு வருஷப் படிப்பும் வீண்.

இங்கே முகம் சொல்கிற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் படித்த ஒரு பெண்ணை, சித்தப்பா என்று சொல்லி ஒருவன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். அவள் வீட்டில் பெண் கேட்டு இல்லையென்று சொல்லப்பட்ட ஆளின் கூட்டாளி அவன். அவர்கள் வீட்டுக் குலதெய்வம் வரை கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னானாம். தகப்பன் வந்து தேடும்போது அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறியிருந்தது. அதிலிருந்து ஹாஸ்டலில் யார் பேச்சையும் நம்புவதில்லை. வந்தவர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கேட்டுக்கு நேர் மேலே மாடியில் பலகைச் சட்டம் வைத்த ஜன்னல். உள்ளே இருந்து வெளியே தெரியும், வெளியே இருந்து உள்ளே தெரியாது. பெண்ணும் அவள் துணையும் அங்கே நிற்க, வார்டனம்மா ஒருத்தியை அடுத்து ஒருத்தியாக வந்தவர் யார் என்று கேட்பார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் கேட்டு திறக்கும். இரண்டு பேரும் தெரியாது என்றால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் ஊருக்குப் போய்க் கிராம முன்சீப்பிடம் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும், அதற்கு ஒரு வாரம் ஆகிவிடும். பேச்சு மாறினால் மட்டும் வார்டனம்மா தாமே இறங்கிப் போய் விசாரிப்பார்.

பழைய வார்டனம்மாவுக்கு எல்லோர் வீட்டு முகமும் பழக்கம், அதனால் இது பேருக்கு நடந்துகொண்டிருந்தது. சித்திரைக் கடைசியில் அவருக்கு மாற்றலாகி, சென்னைப் பக்கத்திலிருந்து புதியவர் வந்தார். அவருக்கு ஒரு முகமும் தெரியாது. கேட்கிற கேள்வியை நிஜமாகவே கேட்டார்.

வைகாசியில் ஒரு நாள் கேட்டு மணி அடித்தது, கூப்பிட்டது அவள் பெயரை. எனக்கு நம்பவே முடியவில்லை. இவளுக்கு யார் வரப் போகிறார்கள்? சட்டத்தின் வழியாகப் பார்த்தால் அவள் புருஷனின் அண்ணன் நிற்கிறான். எனக்கு அந்த ஆளைத் தெரியும். முதல் வருஷம் ஒரு தடவை வந்து கேட்டைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனவன், அதோடு தலை காட்டாதவன். அவன் அம்மாவுக்குக் கை கால் விழுந்துவிட்டதாம், பீ மூத்திரம் அள்ள ஆள் வேண்டுமாம். வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை அள்ளச் சொல்ல முடியாதாம்.

"வீட்டு முண்டச்சி ஒருத்தி இருக்கையில நாங்க எதுக்கு ஆள் தேடணும்? அனுப்பி வையுங்க அவளை" என்று கீழேயிருந்து கத்தினான்.

வார்டனம்மா அவளைப் பார்த்து, "யாரம்மா இவர்?" என்றார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். தண்ணீர் குடிக்கிற மாதிரி சொன்னாள். குரலில் நடுக்கம் இல்லை, கண் இமைக்கவில்லை. தாலி கட்டிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தவள், அந்த ஆளுக்குச் சோறு போட்டவள்.

அடுத்து என்னைக் கேட்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கும் வந்ததா, பட்டுப் பார் என்று இருந்தது. அப்புறம் அவன் மறுபடியும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கத்தினான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

"எனக்கும் தெரியாது. யாரோ குடிகாரன் மாதிரி இருக்கு" என்றேன்.

அவன் திட்டிக்கொண்டே போனான். முன்சீப் கடிதத்தோடு திரும்பி வரவேயில்லை. வேறு யாராவது ஏழைப் பெண்ணைப் பிடித்திருப்பார்கள். நான் செய்தது உபகாரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அவள் போனால் எனக்கு வேறு துணை போடுவார்கள், வருகிற புதியவள் எனக்காகப் பொய் சொல்வாளா என்கிற யோசனையும் எனக்கு இருந்தது. அறைக்கு வந்ததும் அவள் எதுவுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நன்றிகூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க வீட்டுல இருந்து வந்தா நானும் தெரியாதுன்னு சொல்லுதேன்" என்றாள்.

அதோடு என் பொறாமை தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, கூடிப்போயிற்று. அவளையும் இழுத்துக்கொண்டு போக ஆள் உண்டு என்று தெரிந்துவிட்டது, சரி. ஆனால் எவ்வளவு சுலபமாகத் துரத்திவிட்டாள். இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை எனக்கு வாயில் வருமா? துவைக்கிற கல்லில் நின்றுகொண்டு சொல்லிப் பழகினேன். இவர் யாரென்று எனக்குத் தெரியாது. இவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவள் சேலையைப் பிழிந்துகொண்டே திருத்துவாள்.

"ரொம்ப வேகமாச் சொல்லுத. மெதுவாச் சொல்லு. கண்ணை மூடாத."

"உனக்கு எப்படிட்டி வந்துச்சு?"

"வந்துச்சு" என்றாள். "அந்த ஆளு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு எப்படித் தெரியும் அவரை?"

ஆனி பாதியில், பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்பா வந்தார். மாதிரிப் பாடம் திங்கட்கிழமை. அன்று பள்ளிக்கு லீவு விட்டு, எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஹாஸ்டலிலேயே இருக்க விட்டிருந்தார்கள். கேட்டு மணி அடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை யாரும் வர மாட்டார்கள். ஜன்னலுக்கு ஓடினால், வெளியே கூண்டு வண்டி நிற்கிறது. அப்பா புது வேட்டி கட்டியிருக்கிறார். சாரலில் தலை நனைந்து, கையில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். குடை இருக்கிறதே, விரிக்க வேண்டியதுதானே. புதுக் குடை, கல்யாணத்துக்கு வாங்கினது போல.

"மாப்பிள்ளைக்கு லீவு கிடைச்சிட்டு. புதன்கிழமை முகூர்த்தம். என் மகளைக் கூப்பிட வந்திருக்கேன்" என்றார் கீழேயிருந்து. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

இவரை இன்று திருப்பி அனுப்பினால் போதும். சுரண்டைக்குப் போய், முன்சீப்பைப் பிடித்து, எழுதி வாங்கி வருவதற்குள் என் பரீட்சை முடிந்துவிடும், முகூர்த்தமும் தாண்டிவிடும். மாப்பிள்ளை பட்டாளத்துக்குத் திரும்பிவிடுவான். ஆடி பிறந்துவிடும். அப்புறம் சர்டிபிகேட் என் கையில்.

வைகாசியில் அப்பா வராததால் புது வார்டனம்மா அவரைப் பார்த்ததில்லை. அன்று என்னவோ முதலில் துணையைக் கேட்டார். "இவரைத் தெரியுமா?"

"தெரியாதும்மா. பார்த்ததே இல்லை" என்றாள் அவள், அதே மாதிரி, தண்ணீர் குடிக்கிற மாதிரி. எனக்கு அந்த நேரத்தில்கூட வயிறு எரிந்தது. எப்படி வருகிறது இவளுக்கு?

"நீ சொல்லம்மா. யார் இவர்?"

நான் வாயைத் திறந்தேன். பழகின வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. மெதுவாகச் சொல்ல வேண்டும், கண்ணை மூடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். கீழே அப்பா சாரலுக்கு ஒதுங்கலாம் என்று கேட்டுச் சுவரோரமாக நகர்ந்தார். அங்கே வாய்க்கால் மேல் ஒரு கல் பாலம், சீசனில் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடக்கும். அவர் காலில் தோல் செருப்பு. அந்தக் கல்லின் மேல் காலைத் தூக்கினார்.

"அப்பா, அங்கன கால வைக்காதிய. வழுக்கும்."

என் குரல்தான். ஹாஸ்டல் முழுக்கக் கேட்டிருக்கும். அப்பா காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். சட்டத்துக்குப் பின்னால் நான் தெரிய மாட்டேன். இருந்தாலும் சிரித்தார். வார்டனம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

அறைக்கு வந்து என் துணிகளைப் பெட்டியில் அடுக்கினேன். அடுக்கவில்லை, வீசி எறிந்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடித்து உள்ளே வைத்தாள்.

"இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தா என்னட்டி?" என்றாள்.

"விழுந்திருப்பாவ."

"விழுந்தா எழும்பிப் போயிருப்பாவ."

"உனக்கு என்ன, நீ சொல்லுவ" என்று கத்தினேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஆமா, நான் சொல்லுவேன்" என்றாள். "எனக்கு அப்படிக் கத்துற மாதிரி யாரும் வரலையே." அவள் முகத்தில் அப்போது ஒன்றைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே நம்பிக்கை இல்லை. எல்லாம் போய் நிற்கிறேன், என்னைப் பார்த்து என்ன பொறாமை? பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

வண்டி நகர்ந்தது. அப்பா எதிரே உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டார். பழைய குற்றாலச் சாலைத் திருப்பம் வந்ததும் கேட்டார்.

"ஏட்டி, அந்தப் புள்ள என்னைத் தெரியாதுன்னு சொல்லிச்சாமே. கேட்டைத் தொறக்கையில அந்தம்மா சொல்லுதாவ. எத்தனை தடவை பார்த்திருக்கு என்னை."

நான் பெட்டியின் கொண்டியைத் திறந்து திறந்து மூடினேன்.

"போகட்டும்" என்றார். ஈரத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "நீ சொல்லலையே. அது போதும் எனக்கு."

கூண்டுத் துணியை விலக்கித் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் மாடியில் எங்கள் அறையில் அவள் விளக்கு ஏற்றுவது தெரிந்தது. திங்கட்கிழமைப் பாடத்துக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் கையை விடாமல், அந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.